அழிய மறுக்கும் ரெஜிஸ்ட்ரி கீகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் சேமித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதில் ஃபோல்டர் போல இருப்பது கீ, அதற்குள் இருக்கும் பதிவு வேல்யூ. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஒரு கீயை டெலீட் செய்யப் போனால் ‘எரர் வைல் டெலீட்டிங் கீ’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஏன் அழியவில்லை என்று அந்தப் பெட்டி சொல்வதில்லை. அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஆன்டிவைரஸின் டிரைவர் தடுக்கலாம், கீயின் பெயரிலேயே கோளாறு இருக்கலாம். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: ஓனரை மாற்று, ஃபுல் கண்ட்ரோல் கொடு, அழி. பல இடங்களில் அது பலிக்கும். பலிக்காத இடத்திலும் அதையே திரும்பத் திரும்பச் செய்து, மேல்மட்டக் கீகளின் அனுமதிகளையெல்லாம் கலைத்துவிட்டு, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டிய நிலைக்கு வந்த கணினிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டை உடைக்கும் முன் பூட்டியது யார் என்று தெரிய வேண்டும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகச் செய்துகொண்டே போக வேண்டாம். உங்கள் திரையில் என்ன நடக்கிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

## கை வைக்கும் முன்

முதல் கேள்வி, அதை அழிக்கத்தான் வேண்டுமா என்பது. பயன்படாத கீகள் கிடப்பதால் கணினி மெதுவாகிவிடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் மென்பொருள்களைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அவற்றால் கணினிக்கு நேரும் சேதத்துக்கும் அது பொறுப்பேற்பதில்லை. பழைய மென்பொருளின் எச்சம் புதிய நிறுவலைத் தடுப்பது, தீநிரல் தானாகத் தொடங்குவது, இல்லாத கருவி ஒன்று போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது, ஏதோ ஒரு பாலிசி செட்டிங்ஸை முடக்கியிருப்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். வெறுமனே சுத்தம் செய்யும் ஆசை என்றால் எடிட்டரை மூடிவிடலாம்.

இரண்டாவது, காப்பு. கீயின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து டாட் ரெஜ் கோப்பாகச் சேமிப்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் அந்தக் கோப்பில் கீகளும் வேல்யூகளும்தான் இருக்கும். ஓனர் யார், யாருக்கு என்ன அனுமதி என்பது அதில் பதிவாகாது. நாம் கலைக்கப்போவதோ அந்த அனுமதிகளைத்தான். ஆகவே இன்னொரு முறையும் எக்ஸ்போர்ட் கொடுத்து, அதே பெட்டியின் அடியில் ‘சேவ் ஆஸ் டைப்’ பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரி ஹைவ் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ரெஜிஸ்ட்ரியின் ஒரு கிளையை அப்படியே வைத்திருக்கும் கோப்புதான் ஹைவ். இந்த வகையில் அனுமதிகளும் சேர்ந்தே பதிவாகும். திரும்பப் போடும்போது மட்டும் கவனம் வேண்டும்: ஹைவ் கோப்பை இம்போர்ட் செய்தால், அப்போது எந்தக் கீயைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களோ அதன் உள்ளடக்கம் முழுவதும் போய், கோப்பில் உள்ளது வந்து உட்காரும். டாட் ரெஜ் கோப்பைப் போல இருப்பதோடு சேர்வதில்லை.

சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றும் உருவாக்கிக்கொள்ளுங்கள். ‘சிஸ்டம்32 கான்ஃபிக் ஃபோல்டருக்குள் ரெஜ்பேக் இருக்கிறதே, அதில் விண்டோஸ் தானே காப்பு எடுத்து வைத்திருக்கும்’ என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்தத் தானியங்கிக் காப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே கோப்புகளும் இருக்கும், அளவு 0 கேபி.

## அறிகுறி: ‘எரர் வைல் டெலீட்டிங் கீ’ அல்லது ‘ஆக்சஸ் இஸ் டினைடு’

இதுதான் அடிக்கடி வருவது, பெரும்பாலும் காரணம் அனுமதிதான். நீங்கள் அட்மின் கணக்கில் இருந்தாலும் எல்லாக் கீயும் உங்களுடையது ஆகிவிடாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அமைப்பின் முக்கியமான கோப்புகள், கீகள் பலவற்றுக்கு ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ்தான் ஓனர். அட்மின்களுக்கு அங்கே படிக்கும் அனுமதி மட்டும்.

மேல் கீயிலேயே அனுமதியை மாற்றத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு கீ அழிய வேண்டுமானால் அதன் கீழே உள்ள எல்லாச் சிறு கீகளும் முதலில் அழிய வேண்டும். பத்துக் கீகளில் ஒன்றே ஒன்று பூட்டியிருந்தாலும் மேலே இருக்கும் கீயின் பெயரில்தான் பிழைச் செய்தி வரும். அதனால் கிளையை முழுவதும் விரித்து, ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பாருங்கள். எதைத் தொட்டால் வலப்பக்கம் வெறுமையாகி ‘கெனாட் பி ஓப்பன்டு’ என்று வருகிறதோ, எது மட்டும் தனியாக அழிய மறுக்கிறதோ, அதில்தான் வேலை. அந்த ஒன்றின் அனுமதியை மாற்றினால் போதும்.

குற்றவாளிக் கீ கிடைத்ததும்:

1. வலது கிளிக், பெர்மிஷன்ஸ், பிறகு அட்வான்ஸ்டு.
2. மேலே ஓனர் வரியில் இப்போது இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.
3. சேஞ்ச் அழுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று தட்டி, செக் நேம்ஸ் கொடுத்து, ஓகே.
4. ‘ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்’ பெட்டியை டிக் செய்து அப்ளை. அந்தக் கீக்கும் அதன் கீழ் உள்ளவற்றுக்கும் மட்டும் இது செல்லும்.
5. பெட்டியை மூடித் திரும்பத் திறங்கள். ஓனர் மாறிய பிறகுதான் அனுமதிப் பட்டியல் ஒழுங்காகத் தெரியும்.
6. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுத்து அப்ளை.

ஐந்தாவது படியைத் தவிர்ப்பவர்கள்தான் ‘ஓனரை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று நிற்பார்கள். ஓனர் என்பது அனுமதியை மாற்றும் உரிமை மட்டுமே. அழிக்கும் அனுமதியைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு பொறி, டினை பதிவுகள். ஃபுல் கண்ட்ரோல் கொடுத்த பிறகும் மறுக்கிறது என்றால் அட்வான்ஸ்டு பட்டியலில் டைப் என்ற பத்தியைப் பாருங்கள். எவ்ரிஒன் பெயரிலோ உங்கள் பெயரிலோ டினை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரே கீயில் நேரடியாக வைத்த அலவ், டினை இரண்டும் இருந்தால் டினைதான் முதலில் பார்க்கப்படும். நீங்கள் எத்தனை அலவ் சேர்த்தாலும் பயனில்லை. அந்த டினை வரியைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுங்கள். கோப்பு வகைக்கு எந்த மென்பொருள் என்று முடிவு செய்யும் யூசர்சாய்ஸ் கீயில் விண்டோஸே இப்படி உங்கள் கணக்கின் பெயரில் ஒரு டினை வைத்திருக்கும். வேறு மென்பொருள்கள் உங்கள் தேர்வைச் சத்தமில்லாமல் மாற்றிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கீயை அழித்துவிட்டு, தேர்வை செட்டிங்ஸ் வழியாகவே திரும்ப வையுங்கள். அதற்குள் இருக்கும் ஹேஷ் வேல்யூவைக் கையால் எழுதி ஏமாற்ற முடியாது. விண்டோஸ் சரிபார்த்து, பொருந்தவில்லை என்றால் தன் டீஃபால்ட் ஆப்புக்கே மாற்றிவிடும்.

கீ அழியாமல் அனுமதியை மட்டும் மாற்றிவிட்டீர்கள் என்றால், அல்லது உள்ளே ஒரு வேல்யூவை மட்டும் அழிக்கத்தான் வந்தீர்கள் என்றால், வேலை முடிந்ததும் ஓனரைப் பழையபடி வையுங்கள். ட்ரஸ்டட்இன்ஸ்டாலரைப் பெயர்ப் பெட்டியில் வெறுமனே தட்டினால் கிடைக்காது. முன்னால் ‘என்டி சர்வீஸ்’ என்று இடைவெளியோடு எழுதி, பின்சாய்கோடு போட்டு, அதன் பிறகு பெயரை எழுத வேண்டும்.

சில கீகளுக்கு எஸ்ஒய்எஸ்டிஇஎம் என்று பெரிய எழுத்தில் வரும் சிஸ்டம் கணக்குதான் முழு உரிமையாளர். அங்கே ஓனரை மாற்றிக் கலைப்பதைவிட, எடிட்டரையே சிஸ்டம் கணக்கில் திறப்பது சுத்தமான வழி. மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக் இதற்கு உதவும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் அதன் பெயரை அடித்து, எஸ், ஐ என்ற இரண்டு சுவிட்சுகளையும் தனித்தனி ஹைஃபனோடு கொடுத்து, கடைசியில் ரெஜ்எடிட் என்று எழுதுங்கள். திறக்கும் எடிட்டரில் உங்கள் அனுமதிச் சிக்கல் பல காணாமல் போயிருக்கும். அதே காரணத்தால் தவறாக அழித்தாலும் தடுக்க ஆள் இருக்காது.

## அறிகுறி: வேல்யூ அழியவில்லை, ‘அனேபிள் டு டெலீட் ஆல் ஸ்பெசிஃபைடு வேல்யூஸ்’

நீங்கள் அழிக்க முயல்வது பட்டியலின் தலையில் உள்ள டீஃபால்ட் என்ற வரியா? அதன் எதிரே ‘வேல்யூ நாட் செட்’ என்று இருக்கிறதா? அப்படியென்றால் அங்கே அழிக்க எதுவும் இல்லை. எல்லாக் கீயிலும் அந்த வரியை எடிட்டர் காட்டும். விட்டுவிடுங்கள். மற்ற வேல்யூ என்றால் மேலே சொன்ன அனுமதி வேலைதான்.

## அறிகுறி: ஓனரையே மாற்ற முடியவில்லை

‘அனேபிள் டு செட் நியூ ஓனர்’, ‘அனேபிள் டு சேவ் பெர்மிஷன் சேஞ்சஸ்’ என்று வந்தால், அல்லது ஓனரையும் அனுமதியையும் மாற்றிய பிறகும் சிஸ்டம் கணக்கில் திறந்த எடிட்டருக்கு ‘ஆக்சஸ் இஸ் டினைடு’தான் கிடைத்தால், அனுமதிப் பட்டியலைத் தாண்டிய ஒன்று தடுக்கிறது. பெரும்பாலும் அது ஒரு கெர்னல் டிரைவர், அதாவது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் நிரல். ரெஜிஸ்ட்ரியில் நடக்கும் ஒவ்வொரு செயலையும் முன்கூட்டியே பார்த்து மறுக்கும் வசதியை விண்டோஸ் டிரைவர்களுக்குத் தருகிறது. ஆன்டிவைரஸ்கள் தங்கள் கீகளைத் தீநிரல் அழித்துவிடாமல் காக்க இதைப் பயன்படுத்துகின்றன. அனுமதிகளை எத்தனை முறை மாற்றினாலும் இந்தத் தடுப்பு அசையாது.

முதலில் அந்த மென்பொருளின் செட்டிங்ஸில் செல்ஃப் புரொடெக்‌ஷன் அல்லது செல்ஃப் டிஃபென்ஸ் என்று இருக்கும் வசதியை நிறுத்திப் பாருங்கள். மென்பொருளை ஏற்கெனவே நீக்கிவிட்டு எச்சம் மட்டும் நிற்கிறது என்றால், அதே நிறுவனம் தரும் ரிமூவல் டூலை இறக்கி சேஃப் மோடில் ஓட்டுங்கள். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படி ஒன்றை வைத்திருக்கின்றன. கையால் அழிப்பதைவிட இது பல மடங்கு மேல். காரணம், இந்த மென்பொருள்கள் கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் ஆகியவற்றின் கிளாஸ் கீகளில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற வேல்யூகளில் தங்கள் டிரைவரின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். சர்வீஸ் கீயை மட்டும் நீங்கள் அழித்துவிட்டால், ஃபில்டர் பட்டியலில் பெயர் நிற்கும், ஆனால் டிரைவர் இருக்காது. கீபோர்டு பட்டியலில் அப்படி நடந்தால் அடுத்த முறை கணினி திறக்கும்போது பாஸ்வேர்டு தட்ட கீபோர்டு வேலை செய்யாது. டிஸ்க் பட்டியலில் நடந்தால் விண்டோஸே ஏறாமல் போகலாம்.

விண்டோஸ் டிஃபெண்டரின் கீகள் இன்னொரு கதை. 2019இல் வந்த டேம்பர் புரொடெக்‌ஷன் இயங்கிக்கொண்டிருக்கும்வரை அவற்றில் செய்யும் மாற்றம் செல்லாது. விண்டோஸ் செக்யூரிட்டி திரைக்குள் போய் நீங்களே அதை அணைத்தால்தான் வழி. 2024இல் யூசிபிடி என்ற இன்னொரு டிரைவரும் பேசப்பட்டது. பிரவுசர் இணைப்புகள், பிடிஎஃப் ஆகியவற்றின் யூசர்சாய்ஸ் கீகளை அது காக்கிறது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பகுதியில் மாற்றினால் வேலை முடிந்தது.

## அறிகுறி: கீ கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் ‘கெனாட் ஃபைண்ட் த ஃபைல் ஸ்பெசிஃபைடு’

கீ மரத்தில் தெளிவாக நிற்கிறது. கிளிக் செய்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. பெர்மிஷன்ஸ் பெட்டியும் உருப்படியாகத் திறக்காது. இங்கே பூட்டே கிடையாது, கோளாறு பெயரில்.

விண்டோஸின் கெர்னல் ஒரு கீயின் பெயரை நீளத்தோடு சேர்த்துக் குறித்து வைக்கிறது. பெயருக்குள் பின்சாய்கோடு தவிர எந்த எழுத்தும் வரலாம், பூஜ்ய மதிப்புள்ள நல் எழுத்தும்கூட. ஆனால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் போன்ற சாதாரண நிரல்கள் பயன்படுத்தும் வின்32 ஃபங்ஷன்களுக்கு நல் எழுத்து வந்தால் பெயர் முடிந்தது என்று பொருள். ‘ரன்’ என்ற பெயரின் கடைசியில் ஒரு நல் ஒட்டிய கீ இருக்கிறது என்று வையுங்கள். எடிட்டர் அதை ‘ரன்’ என்றே காட்டும். நீங்கள் கிளிக் செய்ததும் நல் இல்லாத ‘ரன்’னைத் தேடிப் போகும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் பிழைச் செய்தி. இருந்துவிட்டால் இன்னும் மோசம்: நல்ல கீயின் உள்ளடக்கத்தைக் காட்டும், டெலீட் கொடுத்தால் நல்ல கீதான் அழியும். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கீகள் தெரிந்தால் எடிட்டரில் எதையும் அழிக்காதீர்கள்.

இதற்கென்றே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ரெக்டெல்நல் என்ற சிறு கருவி இருக்கிறது. 1996இல் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் தொடங்கி, 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய தொகுப்பு அது. மைக்ரோசாஃப்ட் தளத்தைத் தவிர வேறெங்கும் இறக்க வேண்டாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் கருவியின் பெயர், தேட வேண்டிய கீயின் பாதை, பிறகு உட்கிளைகளையும் பார்க்கச் சொல்லும் எஸ் சுவிட்ச். நல் இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டு, ஒவ்வொன்றையும் காட்டி, அழிக்கவா என்று கேட்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பாதையைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஹெச்கேஎல்எம் (கணினி முழுவதற்குமான அமைப்புகள் உள்ள கிளை) முழுவதையும் தேடவிட்டு எல்லாவற்றுக்கும் ஆம் என்று தட்டுவது ஆபத்து. நல் உள்ள எல்லாக் கீயும் தீநிரல் அல்ல. லைசென்ஸ் விவரத்தை யாரும் தொடாமலிருக்கச் சில மென்பொருள்களே இப்படி ஒளித்து வைக்கும். விண்டோஸின் செக்யூரிட்டி ஹைவிலும், பாலிசி, சீக்ரெட்ஸ் என்ற கிளையில், நல் ஒட்டிய சொந்தக் கீகளைப் பழைய கணினிகளில் காணலாம். அந்தக் கிளைப் பக்கமே போகாதீர்கள்.

லாகின் செய்ததும் தானாகத் தொடங்க வேண்டிய நிரல்களின் பட்டியலான ரன் கீயிலோ, ஹெச்கேசியூ எனப்படும் உங்கள் கணக்குக்கான கிளையில் உள்ள சாஃப்ட்வேர் கிளையிலோ இப்படி ஒன்று இருந்தால் நிலைமை வேறு. 2014இல் வெளிப்பட்ட பாவ்லிக்ஸ் என்ற தீநிரல், தன் கோப்பை டிஸ்க்கில் வைக்காமல் ரெஜிஸ்ட்ரிக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, எடிட்டரால் படிக்க முடியாத பெயரை ரன் கீயில் வைத்துத் தொடங்கிக்கொண்டது. அந்த வகைச் சந்தேகம் இருந்தால் கீயை அழிப்பது பாதி வேலைதான். டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை முதலில் ஓட்டுங்கள், பிறகு அழியுங்கள். உயிரோடு இருக்கும் நிரல் அழித்ததை உடனே திரும்ப எழுதிவிடும்.

## அறிகுறி: அழிகிறது, ஆனால் திரும்ப வந்துவிடுகிறது

எஃப்5 அழுத்தியதும் திரும்ப நிற்கிறதா, கணினியை அணைத்துப் போட்ட பிறகா, ஒன்றரை மணி நேரம் கழித்தா? வரும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

உடனே வந்தால் ஏதோ ஒரு ப்ராசஸ் அந்தக் கீயைக் கண்காணிக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, ஃபில்டரில் பாத் என்பதற்குக் கீயின் பெயரையும், ஆபரேஷன் என்பதற்கு ரெக்கிரியேட்கீ, ரெக்செட்வேல்யூ இரண்டையும் கொடுங்கள். கீயை அழியுங்கள். சில நொடிகளில் எழுதியவரின் பெயர் வரிசையில் வந்துவிடும். அது பல சர்வீஸ்களுக்குப் பொதுவான எஸ்விசிஹோஸ்ட் என்றால் அங்கே நிற்காதீர்கள். அந்த வரியை இருமுறை கிளிக் செய்து ப்ராசஸ் தாவலில் கமாண்ட் லைனைப் பாருங்கள். எந்த சர்வீஸ் என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். முதலில் சர்வீஸை நிறுத்துங்கள், பிறகு அழியுங்கள்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வந்தால், தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ் கருவியில் (அதே தொகுப்பில் உள்ளது) தேடுங்கள், டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். ஷெட்யூலரில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒரு பார்வை கூடுதலாகத் தேவை. 2022இல் மைக்ரோசாஃப்ட் அம்பலப்படுத்திய டராஸ்க் என்ற தீநிரலின் தந்திரம் இது: ஷெட்யூலர் தன் பட்டியலை வைத்திருக்கும் டாஸ்க்கேஷ் கீயின் ட்ரீ கிளையில் தன் டாஸ்க்குக்குரிய எஸ்டி வேல்யூவை மட்டும் அழித்துவிடும். டாஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும், ஷெட்யூலர் திரையில் தெரியாது. ட்ரீ கிளையில் எஸ்டி இல்லாத கீ இருந்தால் அது சாதாரணமானதல்ல. சிஸ்டம் கணக்கில் திறந்த எடிட்டரில்தான் அதை நீக்க முடியும்.

ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் குரூப் பாலிசி, அதாவது நிர்வாகி வைத்த அமைப்புகளைக் கணினியில் கட்டாயமாக்கும் வசதி. அது 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே 30 நிமிடம் வரை தாமதத்தோடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அலுவலகக் கணினி என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு ஐடி பிரிவிடம் சொல்லுங்கள். அந்தக் கீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வீட்டுக் கணினியில், குரோம் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொல்லிக்கொண்டு, நீக்க முடியாத எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தால் அது விளம்பரத் தீநிரலாக இருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்ஃபோர்ஸ்லிஸ்ட் கீயை அழித்தால் போகும், பிறகு வரும். ரெஜிஸ்ட்ரி டாட் பால் என்ற கோப்பில் அதன் மூலம் இருக்கிறது. சிஸ்டம்32க்குள் குரூப்பாலிசி, குரூப்பாலிசியூசர்ஸ் என்ற மறைந்த ஃபோல்டர்கள் இரண்டையும் வேறிடத்துக்கு நகர்த்தி, ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சுவிட்சோடு கொடுத்து, அதன் பிறகு கீயை அழியுங்கள். நீங்களே ஏதாவது பாலிசி அமைத்திருந்தால் அதுவும் போய்விடும்.

தமிழில் தட்டெழுதுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு பேய்க் கீயும் இந்த வகைதான். ஆங்கிலம், தமிழ் என்று இரண்டே கீபோர்டு வைத்திருப்போம். டாஸ்க்பாரில் மூன்றாவதாக ‘இங்கிலீஷ் இந்தியா’ முளைத்திருக்கும். செட்டிங்ஸ் பட்டியலில் அது இருக்காது. ஹெச்கேசியூவில் கீபோர்டு லேஅவுட், அதன் கீழ் ப்ரீலோட் என்ற கீயில் 00004009 என்று ஒரு வேல்யூ தெரியும். 00000449 என்பது தமிழ். 4009ஐ அழித்தால் அப்போதைக்குப் போகும், அடுத்த லாகினில் திரும்ப நிற்கும். ப்ரீலோட் ஒரு நகல் மட்டுமே. மொழிப் பட்டியலும் வெல்கம் திரையின் அமைப்பும் அதை நிரப்புகின்றன. செய்ய வேண்டியது தலைகீழ்: செட்டிங்ஸில் ‘இங்கிலீஷ் இந்தியா’வை நீங்களே சேருங்கள், ஒரு நிமிடம் விட்டு அங்கேயே நீக்குங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டிவ் லேங்வேஜ் செட்டிங்ஸில் காப்பி செட்டிங்ஸ் திறந்து, வெல்கம் ஸ்கிரீனுக்கும் புதிய பயனர்களுக்கும் உங்கள் இப்போதைய அமைப்பை நகலெடுங்கள். ரீஸ்டார்ட் செய்த பிறகும் வராது.

## அறிகுறி: ‘மார்க்டு ஃபார் டெலீஷன்’

எண் 1018 அல்லது 1072ஓடு வரும். இதற்குப் பயப்பட வேண்டாம். அழிக்கும் உத்தரவு ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் யாரோ இன்னும் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சர்வீஸ் என்றால் சர்வீசஸ் திரை, டாஸ்க் மேனேஜர், ஈவன்ட் வியூவர் எல்லாவற்றையும் மூடுங்கள். பெரும்பாலும் திறந்திருக்கும் சர்வீசஸ் திரைதான் காரணம். போகவில்லை என்றால் ரீஸ்டார்ட். சர்வீஸ் கீகளை எடிட்டரில் அழிப்பதைவிட எஸ்சி கட்டளையோடு டெலீட் சேர்த்துக் கொடுப்பதே முறை.

## அறிகுறி: ஈனம் கிளையில் பழைய கருவி அழியவில்லை

கரன்ட்கண்ட்ரோல்செட்டின் கீழ் உள்ள ஈனம் கிளை, கணினியில் இணைத்த கருவிகளின் பதிவேடு. அது சிஸ்டம் கணக்குக்கு உரியது. அனுமதியை மாற்றி அழிக்கலாம்தான், ஆனால் தேவையே இல்லை. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ டிக் செய்யுங்கள். மங்கலாகத் தெரிபவை இப்போது இணைப்பில் இல்லாதவை. வலது கிளிக், அன்இன்ஸ்டால். பில்லிங் கவுண்டரில் எடைக் கருவியையோ பிரின்டரையோ வெவ்வேறு யூஎஸ்பி துளைகளில் மாற்றி மாற்றிச் செருகி, காம் போர்ட் எண் 14, 15 என்று ஏறிக்கொண்டே போகும் கடைகளில் இதுதான் தீர்வு. போர்ட்ஸ் பிரிவில் மங்கலானவற்றை நீக்கினால் பழைய எண்கள் விடுபடும்.

## அறிகுறி: ரெஜிஸ்ட்ரி எடிட்டரே திறக்கவில்லை

‘உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கியிருக்கிறார்’ என்று வந்தால் டிசேபிள்ரெஜிஸ்ட்ரிடூல்ஸ் என்ற வேல்யூ வேலை செய்கிறது. ப்ரோ பதிப்பில் ஜிபிஎடிட் திறந்து, யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்று போய், ‘ப்ரிவென்ட் ஆக்சஸ் டு ரெஜிஸ்ட்ரி எடிட்டிங் டூல்ஸ்’ என்பதை டிசேபிள்டு ஆக்குங்கள். ஹோம் பதிப்பில் இது வந்தால் தீநிரல் வைத்ததாகவே எடுத்துக்கொண்டு ஸ்கேன் செய்துவிட்டுத் தொடருங்கள்.

## எதற்கும் அசையவில்லை என்றால்: விண்டோஸ் ஓடாத நேரத்தில் அழிப்பது

தடுக்கும் டிரைவர் ஓடாத இடத்தில் ரெஜிஸ்ட்ரியைத் திறப்பதுதான் இந்த வழி. கணினி பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். அங்கே ரெஜ்எடிட் என்று தட்டினால் எடிட்டர் திறக்கும். இப்போது கண்ணில் படும் ஹெச்கேஎல்எம் உங்கள் விண்டோஸுடையது அல்ல. எக்ஸ் டிரைவில் ஓடும் மீட்புச் சூழலுடையது. அதில் எதை அழித்தாலும் உங்கள் கணினியில் ஒன்றும் மாறாது.

ஹெச்கேஎல்எம்மைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுங்கள். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மெனு மங்கலாகவே இருக்கும். வரும் பெட்டியில் உங்கள் விண்டோஸ் இருக்கும் டிரைவைத் தேடுங்கள். இங்கே அது சி ஆக இல்லாமல் டி ஆகவோ ஈ ஆகவோ மாறியிருக்கலாம். விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர், சிஸ்டம் என்று வால் இல்லாத கோப்புகள் இருக்கும். நீங்கள் தொடப்போகும் கோப்பை அந்தப் பெட்டியிலேயே வலது கிளிக் செய்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிவைத்துவிட்டுத் திறங்கள். பெயர் கேட்கும், பழசு என்பது போல ஏதாவது கொடுங்கள்.

சிஸ்டம் ஹைவில் கரன்ட்கண்ட்ரோல்செட்டைத் தேடாதீர்கள், இருக்காது. அது விண்டோஸ் ஓடும்போது மட்டும் உருவாகும் ஒரு லிங்க். செலக்ட் என்ற கீயைத் திறந்து கரன்ட் வேல்யூவைப் பாருங்கள். 1 என்றால் கண்ட்ரோல்செட்001தான் உங்கள் இடம்.

கீயைக் கண்டுபிடித்து அழியுங்கள். இங்கேயும் ட்ரஸ்டட்இன்ஸ்டாலருக்குரிய கீகள் மறுக்கலாம். முதல் அறிகுறியில் சொன்ன ஓனர் மாற்றம் இங்கே தடையின்றி நடக்கும். ஆன்டிவைரஸ் எச்சமாக இருந்தால் சர்வீசஸ் கிளையில் அழிக்கும் முன் அதே டிரைவரின் பெயரை எடிட் மெனுவின் ஃபைண்ட் மூலம் கண்ட்ரோல், கிளாஸ் கிளையில் தேடுங்கள். அப்பர்ஃபில்டர்ஸ் வேல்யூவில் அந்தப் பெயர் வரியை மட்டும் எடுங்கள். கீபோர்டு பட்டியலில் கேபிடிகிளாஸ் என்ற வரியை விட்டுவைக்க வேண்டும். அது விண்டோஸின் சொந்த டிரைவர்.

முடிந்ததும் நீங்கள் பெயர் வைத்த கிளையைத் தேர்ந்தெடுத்து ஃபைல் மெனுவில் அன்லோட் ஹைவ். பிறகு எடிட்டரை மூடி, கன்டினியூ கொடுத்து விண்டோஸுக்குள் போங்கள். இன்னொரு பயனரின் அமைப்புகள் உள்ள என்டியூசர் டாட் டேட் கோப்பை, ஓடும் விண்டோஸிலேயே இப்படி லோட் செய்து திருத்தியிருந்தாலும் அன்லோட் கட்டாயம். மறந்தால் அந்தப் பயனர் லாகின் செய்யும்போது அவருடைய கோப்பு பிடிபட்ட நிலையில் இருக்கும், தற்காலிக ப்ரொஃபைலில் வெற்று டெஸ்க்டாப் வந்து நிற்கும். அன்லோட் செய்துவிட்டு அவரை மீண்டும் லாகின் செய்யச் சொன்னால் அவருடைய பழைய டெஸ்க்டாப் வந்துவிடும்.